வலம் வந்த சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைக்கு வெளியே இருக்கிற ஒரு சைக்கிள் பந்தய வெலோட்ரோமின் நடுப்புல்தரையில் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் விசில் மாட்டிய, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண் பயிற்சியாளர் ஒருவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இவங்களுக்கு யாரு ட்ரெய்னிங் குடுத்தது?"

'இவங்க' என்பது என் மனைவி. அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் 'எவன்டா சிரிச்சது' என்று கேட்டபோதுகூட நான் இவ்வளவு குறுகிப்போய்க் கை தூக்கியதில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன்.

"ஓ" என்றார்.

எத்தனையோ விமர்சனங்களைத் தாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றை எழுத்தைத் தாங்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக — ஸ்டெல்லா என் மனைவி. நாங்கள் இருக்கிற சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண். பள்ளியில் படிக்கும்போது சில்வர் பீச் ரோட்டில் சைக்கிள் ஓட்டி ஓட்டியே மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தவள். அதற்குப் பிறகு நர்சிங் படிப்பு, ஷிப்ட் டியூட்டி, கல்யாணம், நான்... என்று வரிசையாகப் பல தடங்கல்கள்.

சில மாதங்களுக்கு முன் என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு வெலோட்ரோமில் அறிமுக நாள். அன்றைக்கு ஒரு சோதனை உண்டு. தேறினால் சீனியர் பெண்கள் பந்தயத்தில் ஓட்டலாம். தேறாவிட்டால் ட்ராக்கில் ஏறவே விட மாட்டார்கள். மறுபடி இப்படி ஒரு நாள் எப்போது நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

மெசேஜுக்குக் கீழே அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மனைவி ஒன்றும் எழுதாமல் ஒரு விஷயத்தை ஃபார்வர்டு செய்தால் அதற்கு என்ன அர்த்தம்? கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உடனே நான் என்னை மேனேஜராக நியமித்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு நானே ஆர்டர் கொடுத்துக்கொண்டேன்.

முதல் வேலை, சைக்கிள். வெலோட்ரோம் என்பது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய நீள்வட்டப் பாதை. வளைவுகளில் தரை சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். அதில் ஓட்டுகிற சைக்கிளுக்கு கியர் கிடையாது, பிரேக் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம் — சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். நம் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஹாயாக உருண்டு போவோமே, அந்தக் கதை இதில் நடக்காது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுற்றுகிற பெடலைக் காலாலேயே இழுத்துப் பிடித்துக் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் யூடியூபில் பார்த்துப் பார்த்து நிபுணன் ஆகிவிட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்காரரிடம் போய் ட்ராக் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இருபத்தொரு கியர் வைத்த வண்டியைக் காட்டினார். கியரே வேண்டாம் என்றேன். பால்காரர் வண்டியைக் காட்டினார்.

அப்புறம் ஆன்லைனில் ஆரஞ்சு கலர் சக்கரத்தோடு ஒரு 'ஃபிக்ஸி' — அதே நிற்காத பெடல் வண்டிதான் — கண்ணில் பட்டது. ஆஹா, என்ன அழகு! ஷாப்பிங் கார்ட்டில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போகும் நேரத்தில்தான் ஸ்டெல்லா ஒரு தகவல் கொண்டுவந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்ப்பவருக்குத் தெரிந்த ஒரு இன்ஜினியர் கடலூரில் இருக்கிறார். அவரும் அவர் மனைவியும் முன்பு வடக்கே இருந்தபோது ட்ராக்கில் ஓட்டியவர்கள். இப்போது வெளிநாடு கிளம்புகிறார்கள். இரண்டு சைக்கிளையும் விற்கப் போகிறார்கள்.

போனோம். அவரிடம் பெருமையாக என் ஆரஞ்சு சக்கரத்தை போனில் காட்டினேன். பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார். அது ரோட்டில் ஓட்டுகிற வண்டி, பெடல் தாழ்வாக இருக்கும். ட்ராக்கில் வளையும்போதும் மிதித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் இல்லையா? மெதுவாகப் போனால் பெடல் சாய்வில் இடித்து ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். ட்ராக் வண்டியில் அதற்காகவே பெடல் இருக்கிற இடத்தை உயர்த்தி, பெடலின் கையைக் குட்டையாக வைத்திருப்பார்கள். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் வைத்திருந்த இரண்டில் ஒன்று அவருடையது, பெரிசு. இன்னொன்று அவர் மனைவியுடையது, சின்னது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் பெரிசைக் கை காட்டினேன். ஏன் என்று இப்போது யோசித்தால் பதில் ரொம்ப எளிது. நம் வீட்டில் யூனிஃபார்ம், செருப்பு, ஸ்வெட்டர்... எதையாவது சரியான அளவில் வாங்கியிருக்கிறோமா? 'ஒரு சைஸ் பெருசா குடுங்க' என்று என் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசாவுதுங்க. இனிமே எந்தப் பக்கம் வளரப் போறேன்?"

இன்ஜினியரின் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். ஸ்டெல்லா சின்ன சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். கால் சரியாக எட்டியது, கை சரியாக ஹேண்டில்பாரில் விழுந்தது, முதுகு சௌகரியமாக வளைந்தது. இனிமேல் சொல்வதற்கு என்ன இருக்கிறது? வாங்கிக்கொண்டு வந்தோம். ரோட்டில் ஓட்டிப் பழகும் வரைக்கும் என்று முன்பக்கம் ஒரு பிரேக்கை அவரே மாட்டிக் கொடுத்தார். ட்ராக்குக்குப் போகும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும் என்றார்.

ஸ்டெல்லாவின் தம்பி அருள் கடலூர் முதுநகரில் இருக்கிறான். வழியில் அவன் வீட்டில் இறக்கிக் காட்டினோம். ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டான்.

"மாமா, மிச்சம் பாதி எப்ப வரும்?"

சிதம்பரம் வந்ததும் முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். மேனேஜர் அல்லவா? நாலு மிதி நன்றாகத்தான் போனது. அப்புறம் பழக்க தோஷத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் நிறுத்தவில்லை. என் காலைத் தூக்கி, என்னையும் தூக்கி, எதிர்வீட்டுக்காரர் கட்டட வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த மணலில் பத்திரமாக இறக்கியது. எழுந்து பார்த்தால் ஸ்டெல்லா சைக்கிளுக்கு அடிபட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் இலாகா கையைவிட்டுப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது ட்ரெய்னிங் இலாகா. அதையாவது ஒழுங்காகச் செய்தேனா?

சிதம்பரத்தில் வெலோட்ரோமுக்கு எங்கே போவது? எனக்கு ஒரு யோசனை உதித்தது. கோயிலைச் சுற்றி நாலு வீதி இருக்கிறதே! கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. அகலமான தெருக்கள், சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். விடியற்காலையில் வாக்கிங் போகிறவர்களையும் பால் வண்டியையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் நாள் கீழ வீதியில் ஸ்டெல்லா ஏறி, வடக்கு வீதிப் பக்கமாகக் கிளம்பினாள். நான் பின்னால் ஸ்கூட்டரில். மூலை திரும்பவில்லை, அதற்குள் எதிரே வாக்கிங் வந்த ஒரு ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை, நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"எம்மா, இங்க சுத்துறது இப்படி இல்ல. தேரே இந்தப் பக்கமாதாம்மா போவுது."

அவர் சொன்னது நியாயம்தான். அந்த வீதிகளில் நடந்து சுற்றுகிற எல்லோரும் வலப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். கோயிலை வலம் வருவது என்பது ஊரின் வழக்கம். அதே நேரத்தில், பஸ்ஸும் ஆட்டோவும் மாடும் நாள் முழுக்க இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவரும் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்து போய்விட்டார். ஆனால் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. ஸ்டெல்லாவைத் திரும்பச் சொன்னேன்.

அவள் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் எல்லாம் இடப்பக்கமாகத்தானே ஓடினோம், சைக்கிள் ட்ராக்கும் அப்படித்தானே இருக்கும் என்றாள். நான் குரலைத் தாழ்த்தி விளக்கினேன். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாம் போய் இந்த வீதியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வேண்டுமென்றே செய்கிற மாதிரி ஆகிவிடாதா? ஊர் என்ன பேசும்? வேகம்தான் முக்கியம், எந்தப் பக்கம் சுற்றினால் என்ன?

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சைக்கிளைத் திருப்பினாள்.

அன்றிலிருந்து விடியற்காலை தவறாமல் வலப்பக்கம். டியூட்டி முடித்துக் களைத்து வருகிற நாளிலும் வலப்பக்கம். மார்கழிப் பனியிலும் வலப்பக்கம். அவளுடைய வேகம் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தெற்கு வீதி டீக்கடையில் எல்லோருக்கும் லெக்சர் கொடுக்க ஆரம்பித்தேன். யூடியூபில் பார்த்த ஒரு முக்கியமான பாடத்தையும் அவளுக்குள் இறக்கினேன் — இடத்தை மாற்றும் முன்னால் வெளிப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும், முந்துகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள். வலமாகச் சுற்றினால் வெளிப்பக்கம் எது? இடது. ஆகவே ஸ்கூட்டரில் பின்னாலேயே போய் "இடது பாரு, இடது பாரு" என்று கத்திக் கத்தி, தூக்கத்தில் தட்டினால்கூட இடது பக்கம் திரும்புகிற அளவுக்குப் பழக்கிவிட்டேன்.

அந்த வீடியோவில் ஓட்டியவர்கள் எல்லோரும் இடமாகத்தான் சுற்றினார்கள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்!

சனிக்கிழமை சாயங்காலப் பூசையை முடித்துக்கொண்டு கிளம்பி, தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஞாயிறு காலை வெலோட்ரோமுக்குப் போனோம். பயிற்சியாளர் முதலில் சைக்கிளைச் சோதித்தார். பிரேக் கழற்றியாகிவிட்டதா, சக்கர நட்டு இறுக்கமாக இருக்கிறதா, ஹேண்டில்பார் முனை அடைத்திருக்கிறதா, பெடல் உயரம் போதுமா... எல்லாம் பார்த்துவிட்டு, நல்ல வண்டி, சரியான சைஸ் என்றார். சைக்கிளைத் தேர்ந்தெடுத்தவன் என்ற முறையில் நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன். ஸ்டெல்லா தொண்டையைச் செருமினாள்.

சோதனை இதுதான். முதலில் கீழே சமதளத்தில் சில சுற்று. அப்புறம் ட்ராக்கின் அடிப்பக்கம் போட்டிருக்கிற கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓட்ட வேண்டும். அப்புறம் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு, சாய்வில் மேலே ஏறி நீலக் கோட்டைத் தாண்டிவிட்டு இறங்க வேண்டும். ட்ராக்கில் எல்லோரும் இடமாகத்தான் சுற்றுகிறார்கள். முந்துகிறவர்கள் வலது பக்கமாகத்தான் வருகிறார்கள். ரூல் அப்படி.

இதைக் கேட்டதுமே, ஸ்கூட்டரில் பின்னாலேயே போய் நான் கத்திய 'இடது பாரு' எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்டெல்லா சமதளத்தில் நன்றாகப் போனாள். சாய்வுக்கு ஏற வேண்டிய நேரம் வந்தது. பயிற்சியாளர் கை காட்டினார். ஸ்டெல்லா சட்டென்று திரும்பிப் பார்த்தாள் — இடது பக்கம். அங்கே புல்தரையும் நானும்தான் இருந்தோம். அவள் பாட்டுக்கு மேலே ஏறினாள். வலது பக்கம் வேகமாக வந்துகொண்டிருந்த இன்னொரு பெண் அலறிக்கொண்டு விலகினாள். விசில் பறந்தது. இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இடது. வளைவில் உடம்பு வேறு வலமாகச் சாயப் பார்த்து விறைத்துக்கொண்டது.

அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. பதிலையும் கதையையும் நான் சொல்லி முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. மத்தியானம் எல்லோரும் முடித்த பிறகு இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். அப்போதும் இப்படித்தான் என்றால் ஏற்ற முடியாது, பின்னால் வருகிறவர்கள் விழுந்துவிடுவார்கள் என்றார். அதில் தப்பு சொல்ல முடியுமா?

வெளியே கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்தோம். ஸ்டெல்லா காரில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தாள். நான் வாங்கி வந்த தயிர் சாதப் பொட்டலத்தைத் தொடவில்லை. நான் ஸாரி சொன்னேன். இந்த ட்ராக்கே சரியில்லை, அந்தப் பயிற்சியாளருக்குத் தலைக்கனம் ஜாஸ்தி என்றுகூட ஏதோ உளறினேன்.

"அவுங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். என்னைப் பார்க்காமலேயே மேலே சொன்னாள். "அன்னிக்கு ரோட்டுல போற ஒருத்தர் சொன்னதும் என்னைத் திருப்பி விட்டீங்க. அவர் பேரு என்னன்னுகூட உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன். நான் சொன்னது உங்க காதுல ஏறலை."

தயிர் சாதப் பொட்டலத்தை எடுத்துக் காருக்குள் வைத்தேன்.

"எனக்கு இது வேணுங்க" என்றாள். "ரொம்ப வேணும்."

நர்ஸ் அவள். எந்த எமர்ஜென்சியிலும் குரல் நடுங்காது. அன்றைக்கு நடுங்கியது. எனக்கு அங்கேயே தரைக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பிரேக்கைத் திரும்ப மாட்டச் சொன்னாள், மாட்டினேன். கார்கள் வரிசையாக நிற்கிற அந்தத் திடலின் நடுவைக் காட்டி, "அங்க போயி நில்லுங்க. வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

போய் நின்றேன். அவள் என்னைச் சுற்ற ஆரம்பித்தாள், இடமாக. முதலில் பெரிய வட்டம், அப்புறம் சின்ன வட்டம். ஒவ்வொரு முறையும் வலது தோளுக்கு மேல் திரும்பி, கண்ணில் பட்டதைச் சத்தமாகச் சொன்னாள். "செவப்பு கார்... வாட்ச்மேன்... நாயி... வெள்ளக் கார்... அதே நாயி." தப்பித் தவறி இடது பக்கம் திரும்பினால் தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. தொப்பி காரில் இருந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம்தான்... வாயைத் திறக்கக் கூடாதே. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஊர் என்ன நினைக்கும் என்று வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்டவன், நடுவெயிலில் நட்ட கம்பம் மாதிரி நின்று, ஒரு பெண் என்னைச் சுற்றிச் சுற்றி நாயைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மத்தியானம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரேக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புல்தரையில் போய் நின்றேன். கை இரண்டும் ஜெபமாலையைத் தேடின, அது காரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட நாலு பேரை ஓட்டச் சொன்னார் பயிற்சியாளர். ஸ்டெல்லா சமதளம் முடித்தாள். கறுப்புக் கோட்டைப் பிடித்தாள். கை காட்டினார். தலை அசைந்தது... ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இடது பக்கம் போகப் பார்த்தது. என் உயிரே போய்விட்டது. அப்படியே நின்று, வலது பக்கம் திரும்பியது. ஒருத்தி முந்திப் போகும் வரை காத்திருந்தாள். அப்புறம் ஏறினாள். சிவப்புக் கோடு, நீலக் கோடு, அதற்கும் மேலே. அந்தச் சுவரில் அவள் சாய்ந்து போவதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

விசில் பயிற்சியாளரின் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. போதும், இறங்கலாம் என்று சைகை காட்டினார். ஸ்டெல்லா இறங்கவில்லை. இன்னும் ஒரு சுற்று மேலேயே போய்விட்டு வந்தாள். இறங்கச் சொன்னேனே என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, இந்த சைக்கிள் டக்குன்னு நிக்காதுல்ல மேடம் என்றாள், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

"பந்தயத்துக்கு வந்துருங்க" என்றார் அவர். என்னைப் பார்த்துவிட்டு, கோச்சும் வருவாரா என்று கேட்டார்.

"இவரு கோச் இல்ல மேடம். டிரைவர்."

திரும்பும் வழியில் டிரைவர் வாயைத் திறக்கவில்லை. பரங்கிப்பேட்டை முனை தாண்டியதும் ஸ்டெல்லாதான் பேசினாள். இனிமேல் நாலு வீதியிலும் இடப்பக்கம்தான் என்றாள். சரி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"யாராவது கேட்டா?" என்றேன்.

"கேட்டா, நீங்க நின்னு பதில் சொல்லுங்க. நான் போயிக்கிட்டே இருப்பேன்."

வாசகர்களே, நல்ல பதில் ஏதாவது இருந்தால் உடனே சொல்லுங்கள்... விடிவதற்குள் வேண்டும்.